கூடுகைக்குப் போய் இன்னும் சோர்ந்து வந்த தங்கச்சிக்கு

வாசகர் கேள்வி:

"அக்கா, எனக்கு 36 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் சபையின் சமூக ஊழியத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பின்னேரம் பிள்ளைகளுக்கு டியூசன், சனிக்கிழமை பெண்கள் கூட்டம், அப்புறம் யாருக்காவது சுகமில்லை என்றால் வீடு சந்திப்பு. முந்தி வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் வருவார்கள், இப்போது பன்னிரண்டு. பெண்கள் கூட்டத்துக்கு நாலைந்து பேர்தான். சில நாள் பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்டாலே எரிச்சலாக இருக்கிறது, அப்படி எரிச்சல் வருவதை நினைத்து அழுகையும் வருகிறது. போன வருடம் ஹட்டனில் நடந்த மலையக ஊழியர் கூடுகைக்கு, உற்சாகம் கிடைக்கும் என்றுதான் போனேன். சாட்சி நேரத்தில் ஒவ்வொருவராக எழும்பி, புதுசாக எத்தனை இடத்தில் வேலை தொடங்கினோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று சொன்னார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு முன்னமே சுகமில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இந்த வருடமும் கூப்பிட்டிருக்கிறார்கள். 'போன தடவை போய் என்னத்தக் கொண்டு வந்த?' என்று வீட்டுக்காரர் கேட்கிறார். போகட்டுமா, வேண்டாமா? உற்சாகப்படுத்துகிற கூட்டத்துக்குப் போயும் உற்சாகம் வரவில்லை என்றால் எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா? பெயர் போட வேண்டாம்."

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

போங்கள். ஆனால் போன வருடம் போன மாதிரிப் போக வேண்டாம். எப்படிப் போவது என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப்போகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு இருந்து வாசியுங்கள்.

முதலில் அந்த விசுவாசக் கேள்வி. நான் போதகர் இல்லை, உளவளத்துணையாளர். சபை ஊழியர்கள், தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், பிள்ளைமடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், வேலை செய்கிற பெண்கள் என்று மற்றவர்களைக் கவனிப்பதையே வேலையாகக் கொண்டவர்களோடுதான் என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது. சோர்ந்துபோன ஆசிரியர் என்னிடம் வந்து "எனக்கு இந்த வேலை சரிவராது போல" என்பார். சோர்ந்துபோன ஊழியர் மட்டும் "எனக்கு விசுவாசம் இல்லை போல" என்பார். இரண்டு பேருக்கும் நடந்திருப்பது ஒன்றேதான். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் வேலைச் சோர்வு என்பதை 2019இல் தெளிவாக விவரித்தபோது, அதை ஒரு வியாதியாகச் சொல்லவில்லை, வேலையோடு ஒட்டி வருகிற ஒரு நிலை என்றுதான் சொன்னது. அதற்கு மூன்று அடையாளம் கொடுத்தது: உடம்பிலும் மனதிலும் சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன்மேல் கசப்பு வருவது, செய்வதில் பலன் இல்லை என்று படுவது. உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள், மூன்றும் அதில் இருக்கின்றன. பிள்ளைகளின் சத்தம் கேட்டால் வருகிற அந்த எரிச்சல் உங்கள் குணம் இல்லை, அது நீண்டநாள் களைப்பு. நீங்கள் கெட்டவராக மாறியிருந்தால் எரிச்சலை நினைத்து அழுதிருக்க மாட்டீர்கள்.

வேதத்திலேயே இதற்கு ஒரு ஆள் இருக்கிறார், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆள்தான், எலியா தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் நடந்து முடிந்த கையோடு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். ஒன்று இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். அங்கே முதலில் அவருக்குக் கிடைத்தது நித்திரை. பிறகு தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். பிறகு மறுபடியும் நித்திரை, மறுபடியும் சாப்பாடு. ஒரு கேள்வி கேட்கும் முன்னே இவ்வளவும் நடக்கிறது. அப்புறம் ஓரேப் மலையில் "நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன்" என்று அவர் முறையிடுகிறார், கொஞ்ச நேரம் கழித்து அதே முறைப்பாட்டை மறுபடியும் சொல்கிறார். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை, இரண்டு தடவையும் கேட்கப்பட்டது. பதிலாகக் கிடைத்தது என்ன? செய்வதற்கு ஒருசில வேலை, கூட வேலை செய்ய எலிசா என்று ஒரு ஆள், அப்புறம் உன்னைப்போல இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற தகவல். அந்த ஏழாயிரம் பேரில் அநேகரை எலியா அதுவரை சந்தித்திருந்ததாகத் தெரியவில்லை. கூடுகை எதற்கு என்று என்னைக் கேட்டால் இந்த அதிகாரத்தைத்தான் காட்டுவேன். அந்த ஏழாயிரத்தில் ஓரிரண்டு பேரின் முகத்தைப் பார்ப்பதற்கு.

இனி எண்ணிக்கைக்கு வருவோம், ஏனென்றால் உங்களைக் குத்திக்கொண்டிருப்பது அந்த முப்பதும் பன்னிரண்டும்தான். பதினெட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஒரு கொப்பித் தாளில் பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். உங்கள் தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் மலையகம் முழுக்க இந்தக் கதை ஒரே மாதிரித்தான் போகிறது. சில குடும்பம் கொழும்புக்குப் போயிருக்கும், அப்பாவுக்குக் கடையில் வேலை, அம்மாவுக்கு வீட்டு வேலை. ஒன்றிரண்டு பேரின் அம்மா மத்திய கிழக்குக்குப் போய், பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும். பெரிய பிள்ளைகள் கார்மென்ட் வேலைக்குப் போயிருப்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் வீட்டில் சாப்பாடே பிரச்சினையாகி, பாடசாலையை விட்டே விலகிய பிள்ளைகள் இருப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு இடம்பெயர்ந்து போன குடும்பங்களும் இருக்கலாம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன காலத்தோடு ஒப்பிட்டால் பதிவில் இருக்கிற தொழிலாளர் தொகையே எவ்வளவோ குறைந்துவிட்டது. தோட்டமே காலியாகிக்கொண்டு போகிற இடத்தில் வகுப்பு மட்டும் நிரம்பி வழிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அந்தப் பெயர்ப் பட்டியலை எழுதி முடிக்கும்போது, உங்கள் குறையால் நின்ற பிள்ளை என்று ஒன்று, மிஞ்சினால் இரண்டு பெயர் இருக்கலாம். இருந்தால் அந்த ஒன்று இரண்டைப் பற்றி யோசிப்போம், மற்றதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

சாட்சி நேரத்தைப் பற்றியும் நேராகவே சொல்லிவிடுகிறேன். எழும்பிப் பேசினவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மைக்கைக் கையில் கொடுத்து மூன்று நிமிடம் என்று சொன்னால் மனிதர் தன் வருடத்தின் நல்ல மூன்று நிமிடத்தைத்தான் சொல்வார், மிச்சத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவார். நீங்களோ உங்கள் வருடத்தை முழுசாகக் கொண்டுவந்து அந்த மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்தீர்கள். அப்படி அளந்தால் யாருக்குமே குறைவாகத்தான் வரும். லியோன் பெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், தன்னை அளக்க நேரான அளவுகோல் கிடைக்காத இடத்தில் மனிதர் பக்கத்தில் இருக்கிறவரை வைத்துத் தன்னை அளந்துகொள்வார் என்று. ஊழியம் அப்படிப்பட்ட வேலைதானே. கொழுந்து பறித்தால் தராசு இருக்கிறது, மாலையில் கிலோ தெரிந்துவிடும். ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படித்ததற்கு, ஒரு பெண் அடி வாங்கின இரவில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று தெரிந்து வைத்திருந்ததற்கு, எந்தத் தராசு?

சரி, அப்படியானால் உற்சாகம் எங்கிருந்துதான் வரும்? என் அனுபவத்தில் மேடையிலிருந்து கொஞ்சம் வரும், வராமலும் போகும். நல்ல செய்தி கேட்ட சந்தோஷம் உண்மையானதுதான், நான் அதைக் குறைத்துப் பேசவில்லை, ஆனால் ஹட்டன் பஸ் நிலையத்தில் பொகவந்தலாவை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே அது இறங்கத் தொடங்கிவிடும். கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் தாங்குகிற தெம்பு வேறொரு வழியாக வருகிறது: நம்முடைய பாரத்தை உள்ளபடி தெரிந்த ஒரு ஆள் நமக்கு இருப்பதால்.

அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில் ஒரு சின்ன இடம் வரும், பலர் வேகமாக வாசித்துக் கடந்துபோய்விடுவார்கள். பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கப்பல் உடைந்து, ஒரு தீவில் மூன்று மாதம் கிடந்து, களைத்துப்போன மனிதர். அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு ரோமிலிருந்து சகோதரர்கள் எதிர்கொண்டு வருகிறார்கள், சிலர் மூன்று சத்திரம் என்ற இடம் மட்டும், சிலர் இன்னும் தூரம், அப்பியு புரம் மட்டும். அது ரோமிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகிற அளவு தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காலத்துப் பாதையில். அவர்கள் என்ன பேசினார்கள் என்று அங்கே ஒரு வரிகூட எழுதியில்லை. அவர்களைக் கண்டதும் பவுல் தேவனுக்கு நன்றி சொல்லித் தைரியமடைந்தார் என்று மட்டும்தான் இருக்கிறது. எத்தனையோ சபைகளை உண்டாக்கி, எத்தனையோ பேரைத் தைரியப்படுத்திய பவுலுக்கே, வழியில் நாலு பேர் வந்து நின்றது தேவைப்பட்டது. ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்திலும் அவர் இதைத்தான் எழுதியிருந்தார், உங்களாலும் என்னாலும் நாம் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று. தேற்றுவது என்பது ஒரு பக்கமாக மட்டும் போகிற காரியமாக அவர் நினைக்கவில்லை.

உங்களுக்கு அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா? கடிதத்தில் தேடினேன், இல்லை. ஏன் இல்லை என்றும் எனக்கு விளங்குகிறது, நம்முடைய இடம் அப்படி. லயன் வீட்டு வரிசையில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். யாரிடமாவது மனம் விட்டு அழுதால் மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நாலு பேர் விசாரிப்பார்கள். நீங்கள் வேறு "டீச்சர்", "ஊழியக்கார அக்கா". உங்களிடம் அழ எல்லோருக்கும் உரிமை இருக்கிறது, நீங்கள் அழ அந்தத் தோட்டத்தில் ஒரு இடமும் இல்லை. சபைக்குள்ளேயே சொல்லலாம் என்றால், அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் சித்தி, மாமா, மச்சான் முறை. போதகரிடம் சொன்னால் அவர் வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயம். இப்படி ஒன்பது வருடம் ஒரு மனிதர் எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, தான் ஒன்றும் சொல்லாமலே இருந்தால் வற்றித்தான் போவார்.

இது நேற்று வந்த தனிமை இல்லை. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் கோப்பித் தோட்டங்களில் கிறிஸ்தவ ஊழியம் தொடங்கினபோதே, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்துதான் ஊழியம் செய்தார்கள். தோட்டங்களோ ஒன்றுக்கொன்று எட்டாத மலைகளில். தோட்டத் துரையும் அல்லாமல் தொழிலாளியும் அல்லாமல் நடுவில் நின்ற ஆட்கள் அவர்கள். இன்றைக்கும் மலையகத்தில் சமூக ஊழியம் செய்கிறவர் பெரும்பாலும் அவருடைய டிவிசனில், அதாவது தோட்டத்தின் அந்தப் பிரிவில், ஒற்றை ஆள்தான். அதனால்தான் வருடத்துக்கு ஒரு தடவை மற்ற தோட்டத்து ஆட்களோடு சேர்ந்து உட்காருகிற இந்தக் கூடுகைகளை நான் பெரிதாக மதிக்கிறேன். உங்கள் வேலையை உள்ளுக்குள்ளிருந்து தெரிந்த, ஆனால் உங்கள் மாமியாரைத் தெரியாத ஆட்கள் வேறெங்கே ஒரே மண்டபத்தில் கிடைப்பார்கள்?

ஒரு தடவை இப்படியான கூடுகை ஒன்றில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்கத்தில் பீங்கான் கழுவிக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு பைப், தண்ணி ஐஸ் மாதிரி, கை விறைத்துப்போகும், அதனால் ஒருவர் சோப்புப் போட ஒருவர் கழுவ ஒருவர் துடைக்க என்று வரிசையாக நின்றோம். சோப்புப் போட்டுக்கொண்டிருந்த பெண், யாரையும் பார்க்காமல், "எனக்கு இப்ப ஞாயித்துக்கிழமை வந்தாலே நெஞ்சு படபடங்குது" என்றார். யாரும் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தவர், வயதில் மூத்தவர், அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு "எனக்கு சனிக்கிழமை ராத்திரியே தொடங்கிரும்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஜெபம்கூட அப்போது பண்ணவில்லை. அந்த இரண்டு பேரும் அதன் பிறகு இரண்டு நாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள், இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூடுகையில் நடந்த செய்திகளின் தலைப்பு ஒன்றாவது எனக்கு ஞாபகமில்லை, அந்தப் பைப்படி நன்றாக ஞாபகமிருக்கிறது.

ஆகவே இந்தத் தடவை நீங்கள் போவது ஒரு ஆளைக் கண்டுபிடிக்க. மனம் நிரம்பினால் சந்தோஷம், நிரம்பாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஆளை அறிமுகமாக்கிக்கொண்டு வந்தால் போன வேலை முடிந்தது. எப்படிப்பட்ட ஆள்? பெரிய பேச்சாளரைத் தேடிப் போகாதீர்கள், அவரைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். உங்களைப் போலவே பின்னேர வகுப்பு வைத்திருக்கிறவர், உங்களைப் போலவே நாலைந்து பேரோடு கூட்டம் நடத்துகிறவர், முடிந்தால் உங்களைவிடப் பத்து வருடம் கூட இந்த வேலையில் இருந்தவர். அவர்களைக் கண்டுபிடிக்க நல்ல இடம் சமையல் கட்டும் பாய் விரிக்கிற அறையும்தான். முதல் நாள் கொஞ்சம் முந்திப் போய், மரக்கறி வெட்டவோ கதிரை அடுக்கவோ கை கொடுங்கள். கையில் வேலை இருந்தால் கதைப்பது சுலபம், முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டிய சங்கடமும் இல்லை.

அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டாம். ஒரு சின்ன உண்மையைச் சொல்லிப் பாருங்கள், "பிள்ளைகள் குறைஞ்சு போச்சு அக்கா, மனசு விட்டுப் போகுது" என்ற அளவுக்கு. அவர் உடனே ஒரு வசனத்தைச் சொல்லி உங்கள் வாயை மூடினால், நல்ல மனிதர்தான், ஆனால் நீங்கள் தேடுகிற ஆள் அவர் இல்லை, சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள். "எப்ப இருந்து?" என்று திருப்பிக் கேட்டால் அங்கேயே உட்காருங்கள். அவருடையதையும் கேளுங்கள். நீங்கள் ஒன்பது வருடத்தில் கற்றுக்கொண்டது இருக்கிறது, பன்னிரண்டு பிள்ளைகள் வெவ்வேறு வகுப்பில் இருக்கும்போது ஒரே அறையில் எப்படிப் படிப்பிப்பது என்று உங்களுக்குத் தெரியும், போன மாதம் வேலை தொடங்கின சின்னப் பிள்ளைக்கு அது தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்கும்போது உங்களுக்கே ஒரு தெம்பு வரும்.

ஒரு கவனம் இருக்கட்டும். உங்கள் பாரத்தைச் சொல்லுங்கள், உங்களை நம்பி மற்றவர் சொன்னதைச் சொல்லாதீர்கள். நம்முடைய கூட்டங்களில் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் மானம் மூன்று தோட்டம் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்லாவிட்டாலும் "எங்க டிவிசன்ல ஒரு பிள்ளை" என்றாலே போதும், ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளை ஒன்றுக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்று தெரிந்தால் அதைக் கூட்டத்தில் ஜெபத்துக்கு வைப்பது முறையல்ல, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

சாட்சி நேரம் இந்த வருடமும் இருக்கும். உங்களைப் பேசச் சொன்னால், விரும்பினால் எழும்பி "முப்பது பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது பன்னிரண்டு, அந்தப் பன்னிரண்டு பேருக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அந்த மண்டபத்தில் எத்தனை பேர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள் என்று பாருங்கள். விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம், பேசாமல் இருப்பது குற்றமில்லை. களைப்பாக இருந்தால் ஒரு நிகழ்ச்சியை விட்டுவிட்டு அறையில் படுத்து நித்திரை கொள்ளுங்கள், எலியாவுக்குக் கிடைத்ததை உங்களுக்கு யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த முறை சாப்பாட்டுக்கு முன்னால் பஸ் ஏறாதீர்கள்.

கூடுகைகளை ஒழுங்கு செய்கிறவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களிடமும் ஒரு வார்த்தை. காலை ஆறு மணி தியானத்திலிருந்து இரவு ஒன்பது மணி விசேஷ கூட்டம் வரை இடைவெளியே இல்லாமல் நிகழ்ச்சி போட்டால், களைத்து வந்தவர் இன்னும் களைத்துத்தான் போவார். மத்தியானத்தில் இரண்டு மணித்தியாலம் சும்மா விடுங்கள். வளர்ந்த கதையைச் சொல்ல நேரம் கொடுப்பதுபோல, குறைந்துபோன கதையைச் சொல்லவும் நேரம் கொடுங்கள். பெரிய மண்டபத்தில் முடியாது என்றால் நாலு நாலு பேராக உட்கார வையுங்கள். மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடமானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனதே, ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, தேசிய கிறிஸ்தவ மன்றமும் அதில் முன்னின்றது. முன்னோர் நடந்த பாதையிலேயே பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது கதைக்க நேரம் இருந்தது, அதில் ஆட்களுக்குக் கிடைத்த தெம்பை எந்த மேடையாலும் கொடுத்திருக்க முடியாது. அப்புறம் முக்கியமானது பயணக் காசு. தூரத் தோட்டத்திலிருந்து வருகிற பெண்ணைக் கேட்க வைக்காமல் நீங்களே ஒரு உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

தங்கச்சி, இதோடு உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்கும் வருகிறேன். "என்னத்தக் கொண்டு வந்த?" என்பதை உங்களைக் குத்திக் காட்டின வார்த்தையாக எடுத்துக்கொண்டீர்கள் போலத் தெரிகிறது. போன வருடம் நீங்கள் முகம் வாடி, சொன்ன நேரத்துக்கு முன்னமே வீட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்த மனிதர் அவர். இன்னொரு தடவை அப்படி வரக்கூடாதே என்ற பயமும் அந்தக் கேள்வியில் இருக்கலாம். போன வருடம் என்ன நடந்தது என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லை என்றால் முதல் வேலை அதுதான், கூடுகைக்குப் பதிவு செய்வதற்கு முன்னால். காசு உண்மையிலேயே இடிக்கிறது என்றால் உங்கள் போதகரிடம் நேராகக் கேளுங்கள், இது உங்கள் சொந்தச் சுற்றுலா இல்லை, சபையின் வேலை.

ஒரு விடயத்தை மட்டும் கூடுகையில் கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் மனம் இருண்டே இருக்கிறது, முன்பு பிடித்தது ஒன்றும் பிடிக்கவில்லை, நித்திரையும் சாப்பாடும் குழம்பிவிட்டது, விடியற்காலை முழித்துக்கொண்டால் பயம் பிடிக்கிறது, இருந்து என்ன பிரயோசனம் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது வெறும் களைப்பைத் தாண்டிவிட்டது. அதற்கு வைத்தியம் இருக்கிறது, மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் நடக்கிறது, வெளியில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்பட வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு தடவை தோன்றியிருந்தாலும் அன்றைக்கே தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடமும் சொல்லுங்கள், தனியாக இருக்க வேண்டாம். ஜெபத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கால் முறிந்தால் ஜெபித்துக்கொண்டேதானே வைத்தியசாலைக்குப் போகிறோம்.

கூடுகை முடிந்து வந்த பிறகு நடப்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஹட்டனில் நூறு குரல் சேர்ந்து பாடினதைக் கேட்டுவிட்டு, மழையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்கு ஏறும்போது மனம் தொப்பென்று விழும். அது எல்லோருக்கும் நடப்பது, கிடைத்தது போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே நீங்கள் அறிமுகமாக்கிக்கொண்டவருக்கு ஒரு தடவை போன் எடுங்கள், தள்ளிப்போட்டால் ஒரு மாதத்தில் அந்த நம்பர் யாருடையது என்றே மறந்துவிடும். உங்கள் பக்கம் சிக்னல் மோசம் என்றால் வொய்ஸ் மெசேஜ் போதும், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போகும்போது போய்ச் சேரும். கிழமையில் ஒரு நாள், ஒரு நேரம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம், இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எது கஷ்டமாக இருந்தது, எதில் சிரிப்பு வந்தது, அவ்வளவு போதும், முடிக்கும்போது ஒருவருக்காக ஒருவர் ஜெபித்துவிட்டு வையுங்கள்.

இன்னொன்று, நடைமுறைக் காரியம். கூடுகையிலிருந்து வந்த மறுநாளே வகுப்பைத் தொடங்க வேண்டாம். அந்த நாள் உங்களுக்கு லீவு. பெற்றோருக்குப் போகும் முன்னமே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேரும் புத்தகப் பையோடு வாசலில் வந்து நிற்பார்கள், உங்களாலும் திருப்பி அனுப்ப முடியாது.

அன்புடன்,
அக்கா